ஆலையில் பழகிய பாதுகாப்பும் நம் இல்லங்களும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், இஷாத் தொழுகைக்குப் பின் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிக்கப்பட்டு, தேநீர் வரும் வேளையில் நம்மைப் பேச அழைத்திருக்கிறார்கள். ஆகவே நீண்ட முன்னுரை கூறி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. நமதூரில் வீட்டுக்கு ஒருவரேனும் கடல் கடந்து சென்று உழைத்தவர்கள். துபாயில் கட்டடம் கட்டியவர்கள், குவைத்தில் எண்ணெய்க் குழாய் பற்றவைத்தவர்கள், சிங்கப்பூர்க் கப்பல் தளத்தில் வெயிலில் காய்ந்தவர்கள் இந்தச் சபையிலேயே எத்தனையோ பேர். அவர்கள் பணமும் பொருளும் கொண்டு வந்தார்கள். அதனால் வீடுகள் உயர்ந்தன. ஆனால், அங்கே அன்றாடம் கற்றுக் கடைப்பிடித்த ஒன்றை மட்டும் நம்மில் பெரும்பாலோர் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். அதைப் பற்றித்தான் இன்று பேச விழைகிறோம்.

நாம் 22 ஆண்டுகள் சவூதி அரேபியாவின் கிழக்குக் கரையிலுள்ள ஜுபைல் தொழில் நகரில், ஓர் இரசாயன ஆலையின் மின் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றினோம். அங்கே ஒரு பம்பின் மோட்டாரைத் தொட வேண்டுமென்றால், எடுத்த எடுப்பில் தொட்டுவிட முடியாது. முதலில் பணி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எந்த மோட்டார், என்ன வேலை, யார் செய்கிறார், எத்தனை மணி வரை என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். பிறகு, மின் இணைப்பைத் துண்டித்து, அந்தச் சுவிட்சிலேயே நம் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டைப் பூட்டி, சாவியை நம் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டுகள். நால்வரும் வந்து தத்தம் பூட்டைத் திறந்தாலொழிய அந்த மோட்டாருக்கு மின்சாரம் போகாது. அத்துடனும் விடமாட்டார்கள். மோட்டாரின் அருகே சென்று பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும், ஓடக்கூடாது. அதன் பின்னும் கருவியை வைத்து அளந்து பார்க்க வேண்டும். மின்சாரம் இல்லை என்று அளந்து காணும் வரை, இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது விதி.

இத்தனையும் செய்ய அரைமணி நேரம் பிடிக்கும். வேலையோ பத்து நிமிட வேலையாக இருக்கும். ஆரம்பத்தில் நாமும் முணுமுணுத்தவர்கள்தாம். பின்னர் அது கையோடு கலந்துவிட்டது. அந்தச் சிவப்புப் பூட்டு 22 ஆண்டுகள் நம் இடுப்பில் தொங்கியது. கணக்கு முடித்து ஊர் திரும்பிய நாளில், அடையாள அட்டையையும் தலைக்கவசத்தையும் ஒப்படைத்தபோது அந்தப் பூட்டையும் ஆலை வாசலில் ஒப்படைத்தோம். பழக்கத்தையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டோம் என்பது பின்னர்தான் தெரிந்தது.

ஊர் திரும்பிய அடுத்த ஆண்டு, ஒரு கோடைக்கால முற்பகலில் நம் வீட்டுக் கொல்லைப்புறக் கிணற்று மோட்டார் இரைச்சலிடத் தொடங்கியது. மின் வேலை தெரிந்தவரின் வீட்டில் ஆளை அழைப்பதா? கூடத்துச் சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குச் சென்றோம். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மோட்டாரின் பின்புற மூடியைக் கழற்றி, காற்றாடியைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தோம். கீழே விழுந்த ஒரு திருகாணியை எடுப்பதற்காகக் கையை விலக்கிக் குனிந்த அந்தக் கணத்தில் மோட்டார் ஓடத் தொடங்கியது. காற்றாடியின் மேல் வைத்திருந்த ஸ்பேனர் தெறித்துச் சென்று மதிலில் மோதியது. அதே இடத்தில் ஒரு மூச்சு நேரத்திற்கு முன்னர் நம் விரல்கள் இருந்தன.

நடந்தது இதுதான். பன்னிரண்டு மணிக்கு மின்வெட்டு என்று அறிவித்திருந்தார்கள். லுஹருக்கு முன் தொட்டியை நிரப்பிவிட வேண்டுமென்று நம் மருமகள் வந்து, அணைந்திருந்த சுவிட்சைப் போட்டிருக்கிறார். நமக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கு வந்தபடி பேசிவிட்டோம். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே ஒரு கேள்வி கேட்டார்: "மாமா, நீங்கள் மோட்டாரில் கை வைத்திருப்பது எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. இன்றும் இல்லை. ஏனெனில், இதே கேள்வியைத்தான் வேறு ஒரு வடிவில் உலகம் 1988-ஆம் ஆண்டில் கேட்டது. ஸ்காட்லாந்துக்குக் கிழக்கே வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்றொரு எண்ணெய் மேடை இருந்தது. அங்கிருந்த இரண்டு பம்புகளில் ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்ப்பதற்காகக் கழற்றியிருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. குழாயின் வாயை ஒரு தகட்டால் மூடிவிட்டுச் சென்றார்கள். இரவுப் பணிக்கு வந்தவர்களுக்கு வால்வு கழற்றப்பட்டிருக்கும் செய்தி போய்ச் சேரவில்லை. ஓடிக்கொண்டிருந்த மற்ற பம்பு நின்றுவிட்டதும், இதனை இயக்கினார்கள். எரிவாயு கசிந்து வெடித்தது. ஜூலை 6-ஆம் நாள் அந்த இரவில் மாண்டவர்கள் 167 பேர். விசாரணை நடத்திய கல்லன் பிரபு 1990-இல் அளித்த அறிக்கையில் 106 பரிந்துரைகளைக் கூறினார். உலகெங்கும் எண்ணெய், எரிவாயு ஆலைகளில் அனுமதிச் சீட்டு முறையும், ஒரு ஷிப்டிலிருந்து அடுத்த ஷிப்டுக்குப் பொறுப்பை ஒப்படைக்கும் முறையும் இறுக்கமானதற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். நாம் ஜுபைலில் முணுமுணுத்துக்கொண்டே நிரப்பிய சீட்டுக்குப் பின்னால் அத்தனை உயிர்கள் இருந்தன.

ஆக, அங்கே அறிவில் குறைந்தவர்கள் எவரும் இல்லை. நம் வீட்டிலும் இல்லை. ஒருவர் அறிந்தது மற்றவருக்குத் தெரிவிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

நம் தந்தையர் காலத்து மின் பணியாளர்களைச் சற்றே நினைத்துப் பாருங்கள். வேலை தொடங்கும் முன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். கட்டை பையில் இருக்கும் வரை யார் சுவிட்சைப் போட்டாலும் மின்சாரம் வராது. எந்த வெளிநாட்டு ஆலையும் சொல்லிக்கொடுக்காமலேயே அவர்கள் கடைப்பிடித்த பூட்டு அது! இன்று ஃபியூஸ் கட்டை போய் எம்.சி.பி. வந்துவிட்டது. அதைப் பையில் போட முடியாது. ஆனால், அதன் மேல் மாட்டிப் பூட்டும் சிறு கிளிப்புகள் மின்சாதனக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால், மெயின் பெட்டிக் கதவுக்கு ஒரு சாதாரணப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டுவதற்கு முன்போ பின்போ, வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல வெட்கப்படாதீர்கள்.

எம்.சி.பி. என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அது இருப்பதால் ஷாக் அடிக்காது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது கம்பியைக் காப்பதற்காக வந்தது. மனிதரைக் காப்பதற்காக அன்று. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், 16,000 மில்லி ஆம்பியர் வரை அது அசையாமல் இருக்கும். மனித உடலினூடே ஏறக்குறைய 30 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே மூச்சுத் தசைகள் இறுகி, இதயமும் நிலைகுலையக்கூடும். அந்த 30 மில்லி ஆம்பியர் கசிவைக் கண்டதும் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. என்னும் வேறொரு கருவி. லட்சக்கணக்கில் செலவிட்டுப் பளிங்குத் தரை போடும் நம் வீடுகளில், அந்தத் தரைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதிதான் இதற்கு ஆகும். அதன் முகப்பில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிட்டால் அந்தக் கருவி வெறும் அலங்காரம்.

மோட்டார் நிகழ்ச்சிக்குத் திரும்புவோம். சில நாள்கள் கழித்து, கோபம் தணிந்த பிறகு மருமகளிடம் மன்னிப்புக் கேட்டோம். அப்போதுதான் இன்னொரு செய்தி வெளிவந்தது. அதற்கு முந்தைய மாதம் நாம் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஸ்டூலை வைத்து ஏறி மின்விசிறியைத் துடைத்ததை அவர் பார்த்திருக்கிறார். நாற்காலியின் கால் வளைவதையும் பார்த்திருக்கிறார். பயந்துபோய் அடுப்படிக்குள் சென்று நின்றுகொண்டாராம். "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டோம். "மாமாவிடம் எப்படிச் சொல்வது?" என்றார்.

பெரியோர்களே! நமக்குத் தூக்கத்தைக் கெடுத்த சொல் இதுதான். நாம் பணியாற்றிய ஆலையில், முந்தின நாள் வேலைக்குச் சேர்ந்த உதவியாளனுக்கும் ஓர் உரிமை உண்டு. ஆபத்து என்று கண்டால் கையை உயர்த்தி "நிறுத்துங்கள்" என்று சொல்லலாம். ஃபோர்மேனாக இருந்தாலும் பொறியாளராக இருந்தாலும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். பிறகு பேசி, ஆபத்து இல்லை என்று தெரிந்தால் தொடரலாம். தவறாக நிறுத்தியதற்காக அந்த உதவியாளனை யாரும் ஏசக்கூடாது. ஒருமுறை, நேபாளத்துப் பையன் ஒருவன் நம்மையே நிறுத்தினான். நாம் எரிச்சலுடன் ஏணியிலிருந்து இறங்கிப் பார்த்தால், ஏணியின் ஒரு கால் குழியின் மூடி மேல் நின்றிருந்தது. அந்தப் பையனுக்கு இருந்த உரிமை, நம் வீட்டில் நம் மனைவிக்கு இல்லை, மருமகளுக்கு இல்லை, பேரப்பிள்ளைகளுக்கு இல்லை. நம் வீடுகளில் ஆபத்தான காரியங்களை அதிகம் செய்பவர்கள் வீட்டின் மூத்த ஆண்கள். அவர்களைத் தடுத்துச் சொல்லும் துணிவு யாருக்கும் இல்லை. அந்தத் துணிவை நாம்தான் வளர விடாமல் வைத்திருக்கிறோம். தலைக்கவசம், கையுறை, காலணி எல்லாம் கடையில் வாங்கிக்கொள்ளலாம். இதை வாங்க முடியாது.

எனவே, திரைக்கு அப்பால் இருக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். வாப்பாவோ மாமாவோ மச்சானோ, யாராக இருந்தாலும் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்து, சொல்லக் கூசும் ஒரு விஷயம். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் இறங்கி மயங்க, அவரைத் தூக்கப் போன இரண்டாமவரும் மயங்க, மூன்றாமவரும் இறங்கி மாண்ட செய்தியை நாம் நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டியில் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இறங்கியவர்களும் அவ்வாறே மாண்டிருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியில் என்ன விஷம் என்று கேட்பீர்கள். விஷம் இருக்க வேண்டியதில்லை. மூடிக் கிடக்கும் தொட்டிக்குள் ஈரப் பலகை மக்கும்போது, அங்குள்ள ஆக்சிஜனை அது தின்றுவிடுகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 20.9 விழுக்காடு. அது 19.5-க்குக் கீழே போனால் ஆலைகளில் யாரையும் உள்ளே இறங்க விடமாட்டார்கள். மிகவும் குறைந்துவிட்டால், மூச்சுத் திணறுகிறதே என்று உணர்வதற்குள் நினைவு போய்விடும். கழிவுத் தொட்டியிலோ ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் சேர்ந்துகொள்கிறது. அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடியதும் அந்த வாயு மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று எண்ணுவோர் அந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

ஜுபைலில் இப்படிப்பட்ட தொட்டிக்குள் ஒருவர் இறங்கினால், வாயிலில் மற்றொருவர் வேறு வேலை எதுவும் இன்றிக் காவல் நிற்பார். உள்ளே இருப்பவர் விழுந்தால் அவர் இறங்கக் கூடாது. ஆளை அழைக்க வேண்டும், கயிற்றால் இழுக்க வேண்டும். உடன்பிறந்தவன் உள்ளே கிடக்கும்போது வெளியே நிற்பது எத்தனை கொடுமை என்பது நமக்கும் தெரியும். ஆனாலும், இறங்கினால் வீட்டிலிருந்து இரண்டு ஜனாஸா புறப்படும்.

இதில் நம் பொறுப்பும் இருக்கிறது. கழிவுத் தொட்டிக்குள் பாதுகாப்புச் சாதனங்கள் இன்றி மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அப்படி மாண்டவரின் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் கூறிய உச்சநீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டத்திற்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. கழிவுநீர் லாரியை அழைத்தால் பணம் கூடுதல் என்று, நூறு இருநூறு மிச்சம் பிடிக்க ஓர் ஏழையைக் குழிக்குள் இறக்குகிறோமே, அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள் அல்லவா?

நோன்புக் கஞ்சியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நிர்வாகத்தினர் தப்பித்துவிடுவார்கள். அஸருக்குப் பின் தூக்குவாளியுடன் பிள்ளைகள் முண்டியடிக்கும் இடத்திலேயே, கொதிக்கும் அண்டாவை இருவர் தூக்கி இறக்குகிறார்கள். 19 கிலோ சிலிண்டர்கள் அடுப்புக்குப் பக்கத்திலேயே வரிசையாக நிற்கின்றன. ஆலையில் வேலை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் கூடி நின்று, இன்றைக்கு என்ன ஆபத்து, யார் எங்கே நிற்பது என்று பேசிக்கொள்வோம். அந்த ஐந்து நிமிடத்தை ரமலானின் முதல் நாள் கஞ்சி காய்ச்சுபவர்களுடன் செலவிட்டால் போதும். ஒரு கயிறு கட்டிப் பிள்ளைகளை அப்பால் நிறுத்தலாம். சிலிண்டர்களைத் தள்ளி, காற்றோட்டமான இடத்தில் வைக்கலாம். தப்பித் தவறிச் சூடு பட்டுவிட்டால், பற்பசையும் மையும் தடவாதீர்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்கு அழையுங்கள். உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரை நாம் அறிந்ததே. அது அகல் விளக்குக்கு மட்டுமா, சிலிண்டருக்கும் கொசுவத்திச் சுருளுக்கும் பொருந்தாதா என்பதை ஹஜ்ரத் அவர்களிடம் விட்டுவிடுகிறோம். பெயர் ஒட்டாத பாட்டில் எதுவும் ஆலையில் இருக்கக்கூடாது. நம் வீடுகளிலோ மண்ணெண்ணெயும் ஆசிட்டும் குளிர்பான பாட்டிலில்தான் குடியிருக்கின்றன. பிள்ளை மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். நேராக மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

நூலிழையில் தப்பிய நிகழ்ச்சிகளையும் ஆலையில் எழுதி வைக்கச் சொல்வார்கள். ஒரு பெரிய காயத்திற்குப் பின்னால் 29 சிறு காயங்களும், காயமே இல்லாமல் போன 300 நிகழ்ச்சிகளும் இருக்கும் என்று அமெரிக்காவில் ஹைன்ரிச் என்பவர் 1931-இல் ஒரு கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கைப் பின்வந்தோர் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எண்கள் எப்படியோ போகட்டும். வழுக்கி விழப்போன குளியலறையில் இரண்டாம் முறையும் வழுக்குவோம் என்பதை அறியக் கணக்கு எதற்கு? நாமோ "அல்ஹம்துலில்லாஹ், தப்பித்தோம்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பாசியைத் தேய்க்காமல் போய்விடுகிறோம்.

சென்ற மாதம் மொட்டை மாடித் தொட்டியைப் பார்க்க ஏணி வைத்தோம். ஏணி நான்கு அடி உயரம் போனால் அதன் கால் ஓரடி தள்ளி நிற்க வேண்டும் என்பது பிறருக்கு நாம் பாடம் நடத்திய விதி. அன்று இடம் போதவில்லை, செங்குத்தாகவே சாத்தினோம். இரண்டாம் படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து, "மாமா, இறங்குங்கள்" என்று குரல் வந்தது. முகம் சுளித்தோம் என்பதை மறைக்கவில்லை. ஆனால், இறங்கினோம்.

நிறைவாக நிர்வாகத்தினருக்கு ஒரு செய்தி. ஹவுளுக்கு நீரேற்றும் மோட்டாரின் சுவிட்சு, வெளியே எல்லாருடைய கைக்கும் எட்டும்படி இருக்கிறது. அதற்கு ஒரு பெட்டியும் இரண்டு பூட்டுகளும் வாங்கிச் செயலாளர் அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். நாளை சுபுஹுத் தொழுகைக்குப் பின் பொருத்த எண்ணியிருக்கிறோம். இரண்டு இளைஞர்கள் உதவிக்கு வேண்டும். கையுறை நம்மிடம் இருக்கிறது. காலணி மட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள். வஸ்ஸலாம்.